சென்சாரை மாற்றியும் லைட் எரிகிறதா? சைலன்சரைப் பாருங்கள்!

கேள்வி: ‘‘பழனி பக்கம் எங்கள் ஊர். முருங்கையும் தக்காளியும் போட்டிருக்கிறோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோக, 2018 மாடல் மினி டிரக் ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டுகிறேன். பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடும். நான்கு மாதமாக மீட்டரில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். பத்து நாளில் மறுபடியும் லைட் வந்துவிட்டது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11 தான் கொடுக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். வேறொரு மெக்கானிக், இரண்டாவது சென்சாரையும் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும், செலவு அதிகம் என்றால் கன்வெர்ட்டரைக் குடைந்து எடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது? மழை நாளில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் என் மனைவிக்குத் தலைவலியும் வாந்தியும் வேறு. அவருக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை.’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனைவிக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால், கண்ணாடி திறந்திருக்கும்போது வராத தலைவலி, கண்ணாடியை மூடியதும் வருகிறது என்றால், வண்டிக்குள் புகை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வேறு காரணத்தைத் தேட வேண்டும். உங்கள் வண்டியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. புகைக்குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், கசியும் புகை நேராக உட்கார்ந்திருப்பவரின் காலடிக்குத்தான் வரும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நமக்கு மூக்கில் ஏறும் பெட்ரோல் வாசனை வேறு. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், தூக்கம். அந்தத் தூக்கம்தான் ஆபத்து. ஏலத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே தூங்குபவர்கள் எழுந்திருக்காமலே போவது இப்படித்தான். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இது இன்னும் சீக்கிரம் பாதிக்கும்.

அதனால் இந்த வேலை முடியும்வரை மூன்று விஷயம் செய்யுங்கள். மழையானாலும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் நாலு விரல் இறக்கி வையுங்கள். நிறுத்திய வண்டிக்குள் இன்ஜின் ஓடும்போது யாரும் உட்காரவோ தூங்கவோ வேண்டாம். மனைவியையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் அனுப்புங்கள். யாருக்காவது தலைசுற்றினால், இன்ஜினை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் ‘வண்டிப் புகை’ என்று நீங்களாகவே சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருக்கும். அதை மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு ஒட்டிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் என்றே படிக்கும்.

இனி லைட்டுக்கு வருவோம். விதை, உரம் கேட்கிற பக்கத்தில் வண்டிக் கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். விளைந்த காய் சந்தையில் இறங்கும்வரை எனக்கு அது விவசாயம்தான். தவிர, பயிர் மஞ்சளானால் உடனே ஒரு மூட்டை யூரியா வாங்கும் பழக்கமும், லைட் எரிந்தால் உடனே ஒரு சென்சார் வாங்கும் பழக்கமும் ஒன்றுதான். பயிர் தழைச்சத்து இல்லாமலும் மஞ்சளாகும், தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் மஞ்சளாகும். இலை காட்டுவது அறிகுறியை மட்டும்தான்.

ஆக்ஸிஜன் சென்சார் என்பது புகைக்குழாயில் திருகி வைத்திருக்கும் ஒரு சாட்சி. எரிந்து வெளியேறும் புகையில் மிச்சம் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். ஆக்ஸிஜன் மிச்சமானால் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மிச்சமே இல்லையென்றால் குறைக்கும். உங்கள் வண்டியைப் போன்றவற்றில் சென்சாரின் மின்சாரம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். 0.45 நடுப்புள்ளி. ஆடுகிறது என்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார். பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார், கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் மேஸ்திரி. மைலேஜ் குறைந்ததற்கு அந்த இரண்டாவது சென்சாரைக் குற்றவாளி ஆக்குவது பெரும்பாலும் வீண் செலவு.

உங்கள் ஸ்கேனர் என்ன எண் காட்டியது என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம். பி0171 என்றால் ‘கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்று பொருள். அது சென்சார் கெட்டதாகச் சொல்லவே இல்லை. சென்சார் பார்த்ததைச் சொன்னது, அவ்வளவுதான். பி0135 என்றால் முன் சென்சாரின் உள்ளே இருக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் சரியாகப் போகவில்லை. பி0300 அல்லது 0301 முதல் 0304 வரை என்றால் இன்ஜின் மிஸ் அடிக்கிறது. பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. நான்கும் நான்கு வேறு கதைகள். ‘ஆக்ஸிஜன் சென்சார் எரர்’ என்று பொதுவாகச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பணம் கொடுப்பதற்கு முன் எண்ணைக் கேளுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் 16 முள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகி மொபைலிலேயே பார்க்கும் சிறு கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த டிக் டிக் சத்தம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் வந்து, சூடேறியதும் நிற்கும் சத்தம் என்றால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ அதன் பேக்கிங்கிலோ விரிசல் என்று சந்தேகிக்கலாம். இரும்பு சூடேறி விரிந்ததும் விரிசலின் வாய் ஒட்டிக்கொள்ளும், சத்தம் அடங்கும். விரிசல் அங்கேயேதான் இருக்கும்.

அதற்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்? புகைக்குழாயில் புகை ஆற்று நீர் போல ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் விடும் மூச்சாக, விட்டு விட்டு வருகிறது. இரண்டு மூச்சுக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, சென்சாருக்கு முன்னால் இருக்கும் விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிக்காற்றில் 21 சதவிகிதம் ஆக்ஸிஜன். சென்சார் அதைப் பார்த்து ‘ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது’ என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. வெளிக்காற்று நிற்கவில்லை, ஆகவே இன்னும் கூட்டுகிறது. இதற்குமேல் கூட்ட முடியாது என்ற எல்லைக்கு வந்ததும் மஞ்சள் லைட்டைப் போட்டுவிடுகிறது. புது சென்சார் மாட்டினால் அதுவும் அதையேதான் பார்க்கும். பத்து நாளில் லைட் திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இழுக்கும்போது காற்று உள்ளே போகிற அதே வழியாகத்தான், தள்ளும்போது புகை வெளியே வந்து சீட்டுக்கு அடியில் நிற்கிறது. உங்கள் மைலேஜும் உங்கள் மனைவியின் தலைவலியும் ஒரே ஓட்டையில் இருந்து வரலாம்.

இதை உறுதிசெய்யப் பெரிய ஒர்க்‌ஷாப் வேண்டியதில்லை. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உண்மையிலேயே பெட்ரோல் போதாமல் ஓடும் இன்ஜினின் பிளக் வெளிறி, வெள்ளையாக இருக்கும். கம்ப்யூட்டர் ‘பெட்ரோல் குறைவு’ என்கிறது, ஆனால் பிளக் கரிபிடித்துக் கறுப்பாக இருக்கிறது என்றால், சாட்சியும் தடயமும் முரண்படுகின்றன. எங்கோ வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றுகிறது. இன்னொரு மலிவான பரிசோதனை, புகைச் சான்று எடுக்கும் இடம். பி.எஸ்.4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். சான்றில் அந்த அளவு அச்சாகி வரும். ‘பாஸா, ஃபெயிலா’ என்று மட்டும் பார்த்து மடித்து வைக்காமல், அந்த எண்ணைப் படியுங்கள். ஒன்றையோ இரண்டையோ தொட்டால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது.

அடுத்து ஓட்டையைத் தேடுவது. இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில்தான் தேட வேண்டும். சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடம், குழாயும் குழாயும் சேரும் ஃபிளாஞ்ச், சென்சார் திருகியிருக்கும் இடம் எல்லாவற்றிலும் கறுப்பாகப் புகைக்கரி தீற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் கோலம் கலைந்தது போல ஒரு கரித்தடம் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பஞ்சர் கடைக்குப் போங்கள். இன்ஜின் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, சைலன்சர் வாலில் காற்று ஹோஸை வைத்து, சுற்றி ஈரத்துணியால் தளர்வாக அடைத்து, மெதுவாகக் காற்று விடச் சொல்லுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் டியூப் பஞ்சர் போலவே நுரை கிளம்பும். முழு அழுத்தத்தில் விடக் கூடாது, வாலைக் கெட்டியாக அடைக்கவும் கூடாது.

உங்களுடையது இரண்டு எரிபொருள் வண்டி என்பதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு நாள் பெட்ரோலில் மட்டும், அடுத்த இரண்டு நாள் சி.என்.ஜி.யில் மட்டும் ஓட்டி, ஸ்கேனரில் ‘ஃப்யூயல் டிரிம்’ என்ற அளவைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எத்தனை சதவிகிதம் எரிபொருளைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. 10-க்குள் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் கோளாறு. இரண்டு எரிபொருளிலும் ஒன்றுபோல் ஏறி நின்றால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அதாவது காற்று உறிஞ்சும் பக்கத்திலோ, புகைக்குழாயிலோ, சென்சாரிலோ. சி.என்.ஜி.யில் மட்டும் ஏறினால் ரெகுலேட்டர், ஃபில்டர் பக்கம் பாருங்கள். பெட்ரோலில் மட்டும் என்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர். இன்னொன்று, ஐடிலிங்கில் அதிகமாகக் காட்டி, ரேஸ் கொடுத்துப் பிடித்தால் இறங்குகிறது என்றால், உறிஞ்சும் பக்கத்து ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். அது நூறு, இருநூறு ரூபாய் சமாச்சாரம்.

வயரை மறந்துவிடக் கூடாது. நம் வண்டிகள் நிற்பது வீட்டுக் கராஜில் அல்ல, மக்காச்சோளமும் கடலையும் குவித்திருக்கும் கொட்டகையில். இரை தேடி வரும் எலி, இன்ஜின் சூட்டில் படுத்துக்கொண்டு வயரைக் கடித்துக்கொண்டிருக்கும். சென்சாருக்கு வரும் நான்கு வயர்களில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வழக்கமாக ஹீட்டருக்கானவை. சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி சூட்டுக்கு வந்த பிறகுதான் பேசும், அந்தச் சூட்டைச் சீக்கிரம் கொடுப்பது ஹீட்டர். பி0135 வந்தால் முதலில் ஃபியூஸ், அடுத்து எலிக்கடி, அதற்கடுத்துக் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சென்சாருக்குப் போக வேண்டும். கப்ளரைக் கழற்றி, ஹீட்டர் வயர் இரண்டிலும் மல்டிமீட்டரை ஓமில் வைத்தால், சில ஓம்கள் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால்தான் உள்ளே அறுந்திருக்கிறது.

உர மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு என் துறை சார்ந்து ஒரு வார்த்தை. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. சிந்திய பொட்டாஷ் மழையில் கரைந்து, தொட்டியின் இடுக்கு வழியாக ஒழுகி, சைலன்சரிலும் கப்ளரிலும் படிந்தால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? யூரியாவும் ஈரத்தை இழுக்கும். உரம் இறக்கிய அன்றே தொட்டியைக் கழுவுங்கள். ஆனால், ஓடி வந்த சூட்டோடு அடியில் தண்ணீர் அடிக்காதீர்கள். சென்சாரின் உள்ளே இருப்பது பீங்கான், சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். உள்பக்கத்துத் துருவுக்குக் காரணம் வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. தினமும் பால் சொசைட்டி வரை இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியின் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். நீண்ட தூரம் ஓடும் வண்டியைவிடப் பக்கத்திலேயே ஓடும் வண்டியின் சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாவது இதனால்தான்.

ஓட்டையைக் கண்டுபிடித்ததும் சிலிக்கான் பேஸ்ட்டையோ, வீட்டுக் குழாய்க்குப் போடும் எபாக்ஸியையோ அப்பச் சொல்வார்கள். வேண்டாம். எபாக்ஸி அந்தச் சூட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது. சிலிக்கான் ஆவி சென்சாரின் முனையில் வெள்ளையாகப் படிந்து, புது சென்சாரையே கொன்றுவிடும். பேக்கிங் போயிருந்தால் புது பேக்கிங், நட்டுகளோடு சேர்த்து. துருப்பிடித்த நட்டுகளில் முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் ஸ்டட் முறியாது. குழாயில் ஓட்டை என்றால் வெல்டிங் வைக்கலாம். ஆனால், சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கும் வண்டியில் வைத்து வெல்டிங் அடிக்கவே கூடாது. குழாயைக் கழற்றி, சென்சாரையும் அதிலிருந்து கழற்றிவிட்டு, பட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் அடிக்க வேண்டும். மேனிஃபோல்டு வார்ப்பிரும்பாக இருந்து அதில் விரிசல் என்றால், சாதாரண வெல்டிங் நிற்காது. மாற்றுவது நல்லது.

வேலை முடிந்ததும் எரர் எண்ணை அழித்துவிட்டு, பெட்ரோலில் நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். மைலேஜை டேங்க் நிரப்பி, மறுபடி டேங்க் நிரப்பி அளந்து பாருங்கள், மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம். அதற்குப் பிறகும் லைட் வந்து, எண்ணும் சென்சாரையே சுட்டினால் அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். முதலில் கழற்றிய பழைய சென்சாரை வாங்கி வைத்திருக்கிறீர்களா? அது நல்லதாகவே இருக்க வாய்ப்பு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

கன்வெர்ட்டரைக் குடைந்து எடுக்கும் யோசனைக்கு என் பதில் ஒரே வார்த்தையில், கூடாது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். விலை உயர்ந்த உலோகங்கள். ‘கூலியே வேண்டாம், எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், ஏன் என்று இப்போது புரியும். எடுத்துவிட்டால் இரண்டாவது சென்சார் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து பி0420 என்று லைட்டை நிரந்தரமாகப் போட்டுவிடும். புகைச் சான்று கிடைக்காது. சான்று இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். உங்கள் வண்டி எட்டு வயதைத் தாண்டும்போது ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போக வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், கார்பன் மோனாக்ஸைடை எரித்துக் குறைப்பதே அந்தக் கன்வெர்ட்டர்தான். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குத் தலைவலி இருக்கும்போது அதையா எடுப்பது?

கன்வெர்ட்டர் உண்மையிலேயே அடைத்துவிட்டதா என்று பார்க்கலாம். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது மிதித்தும் இழுக்கவில்லை, ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் என்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. அது உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், மிஸ் அடிக்கும் இன்ஜினைப் பல மாதம் அப்படியே ஓட்டுவது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும். லைட் விட்டு விட்டு மின்னினால் அதுதான் சேதி. வண்டியை ஓரம் கட்டி, பிளக்கையும் காயிலையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்திருக்கும். வைக்கோல் போரருகே, அறுத்த தாள் மேல், ரோட்டில் காயப்போட்ட கேழ்வரகு, கொள்ளுத் தட்டையின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தட்டையின் மேல் ஓட்டிப் போனால் அடியில் சுற்றியதை உடனே இறங்கி அகற்றிவிடுங்கள். அடியில் சிக்கிய தட்டை பற்றிக்கொண்டால் வண்டியும் போகும், காயும் போகும்.

கேள்வி: ‘‘என்னிடம் இருப்பது 2008-ல் வாங்கிய சிறிய டீசல் வண்டி. கறுப்புப் புகை வருகிறது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். சரியா?’’

- வாசகர், அரவக்குறிச்சி.

பதில்: அந்தக் காலத்துச் சிறிய டீசல் வண்டிகளில் ஆக்ஸிஜன் சென்சாரே கிடையாது. ‘எந்த இடத்தில் இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மேல் டீசல் போகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். நெல் தூசியிலும் செம்மண்ணிலும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கணக்கைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். அது சுத்தமாக இருந்தால் இன்ஜெக்டரைப் பம்ப் கடையில் கொடுத்துப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பாரம் அளவுக்குள்தான் ஏற்றுகிறீர்களா என்பது உங்களுக்கே தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் பக்கம் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகியுங்கள். டீசல் வண்டியிலும் புகை கேபினுக்குள் வருவது நல்லதல்ல, ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: ‘‘புது டீசல் வண்டிக்கு ஊற்றும் யூரியாத் தண்ணீரை, நம் வயல் யூரியாவைக் கரைத்துத் தயாரித்துக்கொள்ளலாமா? கேன் விலை கட்டுப்படியாகவில்லை.’’

- வாசகர், உடுமலைப்பேட்டை.

பதில்: முடியாது. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் அந்தத் திரவம், 32.5 சதவிகிதம் தூய யூரியாவும், மீதி தாதுக்கள் நீக்கிய தண்ணீரும் கொண்டது. நமக்கு வரும் யூரியாவில் 2015-ல் இருந்து வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம். பயிருக்குத் தழைச்சத்தை மெதுவாக விடுவிக்க அந்தப் பூச்சு நல்லது, வண்டிக்கு விஷம். யூரியா தயாரிப்பில் உருவாகும் பையூரெட், கிணற்று நீரின் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து பீய்ச்சும் முனையை அடைத்து, புகை சுத்திகரிக்கும் பாகத்தையே கெடுத்துவிடும். அந்தப் பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் கேன் விலை ஒன்றுமே இல்லை. இன்னொன்று, மானிய யூரியாவை விவசாயத்துக்கு அல்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். இந்த யோசனையை யாராவது வியாபாரமாகவே செய்வது தெரிந்தால், உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொல்லுங்கள். கேன் வாங்கும்போது சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள். டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் சாவியைப் போடாமல் டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.